காமிக்ஸ் மனக்குரலைப் படத்தில் வைக்கலாமா, வெட்டலாமா?

தண்டையார்பேட்டை மாணவன்: தலைவர்களே, நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சூப்பர் ஹீரோ கதையை அனிமேஷனாக எடுத்துப் பழகுகிறோம். கட்டத்துக்குக் கட்டம் ஹீரோ மனசுக்குள் பேசுகிறான். அதை அப்படியே பின்னணிக் குரலாக வைக்கலாமா?

ராயபுரம் வாசகன்: வெட்டுங்கள் நண்பா. 1986-ல் வந்த 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' காமிக்ஸ் நெடுக பேட்மேனின் மனக்குரல்தான், 2012, 2013-ல் இரண்டு பாகமாக அனிமேஷன் எடுத்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். சேற்றில் மியூட்டன்ட் என்ற ரவுடிக் கும்பலின் தலைவனோடு பேட்மேன் மோதும் இடம் அது இல்லாமலே நிற்கிறது.

வியாசர்பாடி: எனக்கு ஒப்பவில்லை. வயசான ஆளின் வலி அந்தக் குரலில்தான் இருந்தது, படத்தில் வெறும் அடிதடி மிஞ்சியது. அதைவிட மோசம், இல்லாததை ஒட்டுவது. 48 பக்க பேட்மேன் காமிக்ஸான 'கில்லிங் ஜோக்'குக்கு 2016 படத்தில் முன்னால் சுமார் அரை மணி நேரம் பேட்கேர்ல் கதையைச் சேர்த்தார்கள், அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

பெரம்பூர்: 2010-ல் வந்த 'அண்டர் தி ரெட் ஹூட்' பேட்மேன் அனிமேஷன் படத்தைப் பாருங்கள். காமிக்ஸ் எழுதிய ஜட் வினிக்கே திரைக்கதையும் எழுதினார், எதை விடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் ஒரே ஒரு பக்கத்துக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த படங்கள், போட்டு, குரலோடு ஒரு தடவை, குரல் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.