1948இல் மலையகத் தோட்டத் தமிழரான நம்மைப் பற்றிய சண்டை சனத்தொகைக்கா, வாக்குக்கா? எந்தக் கட்சி எங்கே நின்றது?

பொகவந்தலாவை மாணவி:

வணக்கம். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். ஒரு கட்டுரைக்காகக் கேட்கிறேன், ஆனால் அதற்காக மட்டும் இல்லை.

என் பெரியம்மா மகள் இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறா. அங்கே தொழிற்கட்சி அரசாங்கம் 2025 மே மாதம் ஒரு வெள்ளை அறிக்கை விட்டது. நிரந்தர வதிவுரிமைக்கு 5 வருடம் என்றிருந்ததைப் பொதுவாக 10 வருடமாக்கப் போகிறார்களாம். ஜூலையில் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பழமைவாதக் கட்சியும் ரிஃபோர்ம் கட்சியும் இதுவும் போதாது என்கின்றன. சனம் கூடிவிட்டது, வீடு போதாது, ஆஸ்பத்திரி போதாது என்பதுதான் எல்லாருடைய பேச்சும்.

அக்கா போனில் இதைச் சொன்னபோது தாத்தா, "எங்களைப் பத்தியும் இப்படித்தான் பேசினானுங்க" என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. என் நோட்ஸில், நமக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் செய்த 1948 சட்டம் நாலு வரியில் முடிகிறது. அன்றைக்குப் பிரச்சினை உண்மையிலேயே சனத்தொகைதானா? கட்சிகள் எந்தப் பக்கம் நின்றன?

தலவாக்கலை டீச்சர்:

மகள், தாத்தா சொன்னது சரி. ஆனால் ஒன்றை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 1948இல் இங்கே யாரும் புதிதாக வந்து இறங்கிக்கொண்டிருக்கவில்லை. தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்தியா 1939இலேயே தடை செய்துவிட்டது. பேச்செல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான்.

நாட்டின் சனத்தொகை கூடியது உண்மை. 1946இல் சுமார் 66 லட்சம், 1981இல் 148 லட்சம். மலேரியாவை மடக்கினார்கள், சுகாதார வசதி பரவியது, சாவு குறைந்தது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 அளவுக்கு இறங்கியது. அதே 35 வருடத்தில், கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்ட நாங்கள் 7 லட்சத்து 80 ஆயிரத்திலிருந்து 8 லட்சத்து 18 ஆயிரத்துக்குத்தான் வந்தோம். 11.7 வீதம் 5.5 வீதமானது. லட்சக்கணக்கில் எங்களைக் கப்பலேற்றிய பிறகும் நாட்டின் தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

பயம் வாக்கைப் பற்றியது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த நாளிலிருந்தே அந்தப் பயம் இருந்தது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை என்று எங்கள் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர்கள் வென்றார்கள். எங்கள் ஆள் நிற்காத இடங்களில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இரண்டுமே தலைவலி. அடுத்த வருடமே பிரதமர் டி.எஸ். சேனநாயக்க பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்தார்கள். தொகுதி பிரித்தபோது 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று தலை எண்ணியதில் எங்கள் தலைகளும் இருந்தன. 1952 தேர்தலிலும் அதே தொகுதிகள்தான், வாக்குச்சீட்டு மட்டும் எங்களுக்கு இல்லை. இதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள்.

எதிர்த்தவர்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸும் இடதுசாரிகளும். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்தார். பிறகு அமைச்சராகி, அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அந்த இரண்டாவது சட்டத்தைப் பற்றி அக்காவிடம் சொல்லுங்கள். கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் தொடர்ந்து இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். இடையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே நின்றிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். என் அப்பாவின் விண்ணப்பக் கட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பார்த்து எழுதிக் கொடுத்த துண்டு, அரிசிக் கூப்பன், கங்காணி தந்த கடிதம், அதன் அடியில் மை கலங்கிய கைநாட்டு. அப்பாவின் அம்மா செத்ததற்குத் திருச்சிப் பக்கம் போனவர், காணிச் சண்டையில் மாட்டி ஒரு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டார். திரும்பி வரும்போது இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் குத்திய முத்திரையைக் காட்டியே தள்ளிவிட்டார்கள். 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போனது, சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. அக்கா சம்பளச் சீட்டு, வாடகைக் கடிதம் ஒன்றையும் எறியக் கூடாது.

பண்டாரவளைக்காரன்:

டீச்சர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கண்டிச் சிங்களக் கிராமத்தாரின் பக்கத்தையும் எழுத வேண்டும் தங்கச்சி. எங்கள் தோட்டத்துக்குக் கீழேயே கிராமம், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன் நான். 1840 தரிசு நிலச் சட்டத்தால் அவர்கள் சேனை செய்த காடும் மாடு மேய்த்த நிலமும் முடிக்குரியதாகி வெள்ளைக்காரத் துரைமாருக்கு விலை போனது. 1949இல் கண்டி விவசாயிகள் ஆணைக்குழு வைத்ததே அந்த ஊர்களின் குறை கேட்கத்தான். நிலம் போன கோபம் நியாயமான கோபம். அதைக் கம்பனிப் பக்கம் போகவிடாமல் லயத்துப் பக்கம் திருப்பிவிட்டது கட்சிகள்.

சரி, 1972இலும் 75இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. அப்போதும் பல இடங்களில் லயத்திலிருந்து விரட்டப்பட்டது எங்கள் ஆட்கள்தான். கிராமத்திலும் எல்லாருக்கும் காணி வந்துவிடவில்லை.

கொட்டகலை பழைய ஆள்:

64 ஒப்பந்தத்தை யாரும் எடுக்கவில்லையே? ஒக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் இந்திரா காந்தியோடு ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் சங்கங்களைக் கேட்டுச் செய்ததில்லை.

அம்மாவின் தம்பி குடும்பம் கோத்தகிரிக்குப் போனது. மாமி வீட்டார் எல்லாரும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார்கள், மாமாவும் அதில் அடங்கிப் போனார். அம்மா இலங்கைக்குப் போட்டிருந்தா. ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்கள். தலைமன்னாருக்குப் போன அந்த வண்டிக்கு இங்கே ஒப்பாரி கோச்சி என்று பேர். பெட்டி நகர்ந்த பிறகும் அம்மா ஜன்னலில் பிடித்த கையை விடவில்லை, ஸ்டேஷன் ஆள் ஒருவர் இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்றேன். மாமா அங்கேயும் தேயிலை மலையில்தான் வேலை செய்து செத்தார்.

பொகவந்தலாவை மாணவி:

எல்லாருக்கும் நன்றி. தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவருடைய தங்கச்சியும் கூடலூருக்குப் போனவவாம், இன்றைக்குத்தான் எனக்கே தெரியும். டீச்சர், ஒன்று மட்டும் விளங்கவில்லை. 48இல் நமக்காகப் பேசிய இடதுசாரிச் சமசமாஜக் கட்சி 64இல் எங்கே இருந்தது?

தலவாக்கலை டீச்சர்:

அமைச்சரவையில் இருந்தது, மகள். 1964 ஜூனில் சிறிமாவின் அரசாங்கத்தில் சேர்ந்து அதன் தலைவர் என்.எம். பெரேரா நிதி அமைச்சரானார். ஒக்டோபரில் ஒப்பந்தம். இதே என்.எம். 48இல் எங்களுக்காக வாதாடியவர். இடையில் எங்கள் வாக்கு போய்விட்டது. எங்களுக்காகப் பேசினால் தெற்கில் வாக்குக் குறையும், பேசாவிட்டால் மலையகத்தில் குறைவதற்கு ஒன்றுமில்லை என்ற கணக்குத்தான் அவர்களை மாற்றியது என்று நான் நினைக்கிறேன். செங்கொடியை நம்பிச் சங்கத்தில் சேர்ந்த எங்கள் அப்பாமாருக்கு அது பெரிய அடி. அதைப் பூசி மெழுகி எழுதாதீர்கள்.

ஜேவிபி என்ற மக்கள் விடுதலை முன்னணியையும் சேர்த்துப் பாருங்கள். 1971 கிளர்ச்சிக்கு முன் அவர்கள் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது, அதில் தோட்டத் தமிழரை அதன் கருவியாகக் காட்டினார்கள். 2023 ஒக்டோபரில் அதே கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி ஹட்டனுக்கு வந்து எங்கள் உரிமைகளைப் பற்றிப் பிரகடனம் வெளியிட்டது. இடையில் 1986, 1988, 2003 சட்டங்களால் பிரஜாவுரிமை வந்து சேர்ந்திருந்தது. நுவரெலியா மாவட்டத்தில் எங்கள் வாக்கு இல்லாமல் இப்போது யாரும் கணக்குப் போட முடியாது. தாத்தாவுக்கு எந்தச் சட்டத்தில் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள், கட்டுரைக்கு உதவும்.

அப்புறம் இங்கிலாந்து விசயம். அங்கே உண்மையாகவே புதிதாக ஆட்கள் வருகிறார்கள், வீட்டு வாடகையும் உண்மையான பிரச்சினை, ஆகவே இரண்டையும் அப்படியே ஒன்றாக வைக்க முடியாது. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. இலங்கை பொதுநலவாய நாடு. விசாவோடு சட்டப்படி அங்கே வாழும் பொதுநலவாய நாட்டவர், அந்த நாட்டுப் பிரஜையாகாமலே பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். அக்கா வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்திருக்கிறாவா என்று இன்றைக்கே கேளுங்கள்.