அப்பாவின் கால் ஆணி: அகலமான கறுப்பு ஷூ எங்கே கிடைக்கும்?

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, நீரிழிவு உண்டு. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் செக்யூரிட்டி வேலை, 12 மணி நேர ஷிஃப்ட், பெரும்பாலும் நின்றபடிதான். எட்டு மாதமாக வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே ஆணி. அழுத்தினால் சுரீர் என்கிறது. "ஷூவுக்குள்ள கல்லு கெடக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். வலிக்குப் பயந்து பாதத்தைச் சாய்த்து நடந்ததில் இப்போது முட்டியும் வலிக்கிறது.

வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடப்பார். இந்த வருடம் போகவில்லை. அன்று முழுக்க வீட்டில் யாரோடும் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

முதலில் அவரே கார்ன் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் சுற்றியிருந்த நல்ல தோலையும் புண்ணாக்கிவிட்டது. நீரிழிவுக்காரர்கள் அதைத் தொடவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டினோம். பாத சிகிச்சை நிபுணர் இரண்டு முறை செதுக்கி எடுத்தார். எடுத்ததும் சுகம், ஆறு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. குறுகலான ஷூ அழுத்தும்வரை வந்துகொண்டுதான் இருக்கும் என்றார். சிலிகான் மெத்தை வைத்தால் ஷூ இன்னும் இறுகுகிறது.

சீருடைக்குக் கறுப்பு ஷூ கட்டாயம். சைஸ் 9இல் நீளம் சரி, அகலம் போதவில்லை. 10 போட்டால் குதிகால் வழுக்குகிறது. தேக்காவிலும் ஈசூனிலும் தேடிவிட்டோம்.

விரல் பக்கம் அகலமான, சீருடையோடு போடக்கூடிய கறுப்பு ஷூ சிங்கப்பூரில் எந்தக் கடையில் கிடைக்கும்?