சைக்ளிக் டைமரில் 2000 வாட்ஸ் ஹீட்டரை நேரடியாக மாட்டலாமா?

குளிர்தாங்கி:
ஆயில் ஹீட்டரைப் பத்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் நிற்கிற மாதிரி ஓட்டப் பார்க்கிறேன். அதற்காக வாங்கிய சைக்ளிக் டைமரில் ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனி குமிழ், கீழே ஏ1, ஏ2, 15, 16, 18 என்று ஐந்து முனைகள், பக்கத்தில் 5 ஆம்ப் 250 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ஏ1-இல் பேஸ், ஏ2-இல் நியூட்ரல் கொடுத்தால் விளக்கு எரிகிறது, ரிலே டக் டக்கென்று அடிக்கிறது, ஆனால் 18-இல் கரண்டே வரவில்லை. டைமர் பழுதா?

மூன்றுபின்:
பழுதில்லை. ஏ1, ஏ2 டைமர் ஓடுவதற்கு மட்டும். 15, 16, 18 வெறும் சுவிட்ச், உள்ளே மின்சாரத்தோடு தொடர்பே கிடையாது. 15 காமன் (பொது முனை), 18 என்ஓ (ரிலே அடித்தால்தான் 15-ஓடு சேரும்), 16 என்சி (அடிக்காதபோது 15-ஓடு சேர்ந்திருக்கும்). பேஸை ஏ1-இலிருந்து 15-க்கு ஜம்பர் போட்டால் 18-இல் வரும்.

ஆனால் அதில் ஹீட்டரை மாட்டிவிடாதீர்கள். 2000 வாட்ஸை 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்ப், உங்கள் டைமருக்குள் சேர்ந்து பிரியும் கான்டாக்டோ 5. சூட்டில் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் டைமர் ஆஃப் என்று காட்டும், ஹீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் பயம். நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) வையுங்கள், 230 வோல்ட் காயில், ஏசி-1 (ஹீட்டர் மாதிரி லோடுக்கான) ரேட்டிங் 20 ஆம்ப். 18-இலிருந்து கான்டாக்டரின் ஏ1, அதன் ஏ2-க்கு நியூட்ரல். ஹீட்டரின் பேஸ் 1-இல் நுழைந்து 2-இல் வெளியே போகட்டும். எர்த்தை எங்கும் வெட்டாமல் நேராக ஹீட்டருக்குக் கொண்டுபோங்கள். ஹீட்டர் லைனுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர். மெயினை அணைத்து டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள், முதல் ஓட்டம் ஹீட்டருக்குப் பதில் பல்பு போட்டு.

சூடுகாற்று:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஃபேன் வைத்த ஹீட்டருக்கு இது ஆகாது, கரண்ட் போனதும் ஃபேனும் நின்றுவிடும், எலிமென்ட் சூடு வெளியே போக வழியிருக்காது. தொடுபட்டன் வைத்த மாடல்களும் பல சமயம் கரண்ட் திரும்ப வந்தாலும் ஸ்டாண்ட்பையிலேயே உட்கார்ந்திருக்கும். திருகு சுவிட்ச் உள்ள ஆயில் ஹீட்டர் சரி. கான்டாக்டர் பெட்டியைக் கட்டில் பக்கம் வைக்காதீர்கள், அரை மணிக்கு இருமுறை டொக்கென்று அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும்.

பழையஃபியூஸ்:
எதற்கு இவ்வளவு வேலை? பத்துக்கு இருபது என்றால் சராசரி 667 வாட்ஸ்தான். ஹீட்டரில் குறைந்த வாட்ஸ் நிலை இருந்தால் அதில் போடுங்கள். தெர்மோஸ்டாட்டும் இருக்குமே?

குளிர்தாங்கி:
தெர்மோஸ்டாட் ஹீட்டரின் உடம்பிலேயே இருக்கிறது, அறை சூடாவதற்குள் அது சூடாகி ஆஃப் ஆகிவிடுகிறது. அதனால்தான் டைமர் பக்கம் போனேன்.

பழையஃபியூஸ்:
அதைத் தாண்ட டைமராலும் முடியாது, அது கரண்டை வெட்டத்தான் செய்யும். ஹீட்டரின் குமிழை உச்சத்தில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டும் ரூம் தெர்மோஸ்டாட் வாங்குங்கள். கான்டாக்டர் அப்படியே இருக்கட்டும், 15, 18-க்குப் பதிலாக அதன் காமனும் என்ஓவும். சென்சாரை மட்டும் ஹீட்டருக்கு நேரெதிரே மாட்டாதீர்கள்.