ஆவாரம்பூவில் பூசணம் பிடித்துவிட்டது, எங்கே தவறினேன்?

மானாவாரிக்காரன் (கேள்வி):
புதுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் மானாவாரி நிலத்தைச் சுற்றிலும் ஆவாரை புதர் புதராக வளர்ந்து கிடக்கிறது. கடையில் பொடியை வாங்குவானேன் என்று, மழை விட்டிருந்த ஒரு காலையில் இரண்டு படிப் பூவைப் பறித்து வந்து, மாடியில் ஒரே நாள் வெயிலில் காயவைத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துவிட்டேன். பத்தாம் நாள் திறந்தபோது சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்து, ஈரச் சாக்கின் வாடை அடித்தது. அதற்கு முன்பு ஒரு முறை கால் மணி நேரம் கொதிக்கவிட்டுக் குடித்துப் பார்த்ததும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பாகவே இருந்தது. வேலியோரம் மஞ்சளாகப் பூப்பவை மூன்று நான்கு வகை இருப்பதால், பறித்தவை அனைத்தும் ஆவாரைதானா என்ற ஐயமும் இப்போது வந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால்தான் இந்த முயற்சியில் இறங்கினேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

சாத்தூர்க்காரர்:
முதலில் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடலைப் போல அகன்ற பச்சைச் செதில்கள் இருக்கும். சிற்றிலைகள் எட்டு முதல் பன்னிரண்டு இணை, நுனி மழுங்கியவை. காய் தட்டையாக, காகிதம் போல மெலிந்திருக்கும். பேயாவாரைக்கு நான்கைந்து இணைதான், நுனி கூர்மை, கசக்கினால் நாற்றம். அதன் விதை நஞ்சு. மஞ்சள் அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கிளையை ஒடித்தால் பால் வடியும், உயிருக்கே ஆபத்து. ஆவாரையில் பால் வராது. களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் வண்டிப்புகை படியும் சாலையோரத்திலும் பறிக்காதீர்கள்.

பல்லடத்து அக்கா:
தம்பி, துவர்ப்புக்குக் காரணம் காம்பும் பச்சைப் புல்லி இதழும்தான். தோல் பதனிடவே ஆவாரம் பட்டையைப் பயன்படுத்தினார்கள் என்றால் அந்தச் செடியில் எவ்வளவு துவர்ப்பு இருக்கும் என்று பாருங்கள். பனி உலர்ந்த பிறகு பறித்து, வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் பரப்பி வைத்தால் எறும்பும் பச்சைப் புழுவும் தாமாக வெளியே வந்துவிடும். பிறகு மஞ்சள் இதழ்களை மட்டும் கிள்ளி, ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் நான் இந்த வேலையையே தொடுவதில்லை. கையில் எடுத்து நொறுக்கினால் சருகுபோல் ஒலி வரவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி இதழ், மூன்று நிமிடக் கொதி, அவ்வளவுதான். பூசணம் பிடித்ததைக் காயவைத்துக் காப்பாற்றலாம் என்று நினைக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தான்:
இலங்கையில் சிங்களவர்கள் இதை ரணவரா என்று தேநீராகக் குடிப்பார்கள். அம்பாந்தோட்டைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நிறையவே பூக்கும். பொல்பலா என்று அவர்கள் அவித்துக் குடிப்பது உங்கள் பூளைப்பூச் செடிதான். பல்லடத்து அக்கா பொங்கலுக்கு வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டும் இரண்டு பூக்களுமே இங்கே பானமாகிவிடுவது எனக்கு எப்போதும் வியப்பு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் அம்மா சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால், அதோடு இதையும் சேர்க்கும்போது சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கக்கூடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மருந்தின் அளவை ஆவாரைக் கஷாயம் இரத்தத்தில் உயர்த்தியதாக எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. மருத்துவரிடம் கேட்காமல் தினமும் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது கூடவே கூடாது.

மானாவாரிக்காரன்:
மூவருக்கும் நன்றி. இன்று காலையில் போய்ப் பார்த்தேன்; கிழக்கு வேலியில் உள்ளவை காது மடலோடு இருக்கின்றன, கிணற்றடியில் நின்ற இரண்டு செடிகள் பேயாவாரை. அன்று அவற்றிலிருந்தும் பறித்தேனா என்பது நினைவில் இல்லாததால் புட்டியோடு குப்பைக்குழியில் போட்டுவிட்டேன். அம்மாவை அடுத்த வாரம் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். தை பிறந்து பனி விலகிய பிறகு மீண்டும் பறிப்பேன். அதுவரை சுக்குக் காபிதான்.