ராணுவத்தின் கால்பந்து கிளப்: கிகாலி, ரபாத், லுவாண்டாவில் நேரில் பார்த்தவை

கிகாலியிலிருந்து:

ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் கால்பந்து பற்றி எழுதினால் எல்லாம் ஐரோப்பியக் கிளப்புகளைப் பற்றித்தான் இருக்கிறது. இருக்கிற ஊரில் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி யாரும் தொடங்குவதாகத் தெரியவில்லை. சரி, நானே தொடங்குகிறேன். நான் ருவாண்டாவில் இருக்கிறேன், ஏபிஆர் கிளப்பின் ரசிகன். அது ராணுவத்தின் கிளப்.

ருவாண்டா தேசபக்த ராணுவம் என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்தான் ஏபிஆர். 1993-ல் உள்நாட்டுப் போர் ஓயாமல் இருந்தபோதே, அன்று கிளர்ச்சிப் படையாக இருந்த அந்த ராணுவத்தினர் தொடங்கிய அணி. 1994 இனப்படுகொலையின்போது தலைநகரைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது அந்தப் படைதான். மறு ஆண்டே அணி லீக் பட்டத்தை எடுத்தது. 2002-ல் ராணுவத்தின் பெயர் ருவாண்டா பாதுகாப்புப் படை என்று மாறியும் கிளப் பழைய பெயரிலேயே ஆடுகிறது. நிர்வாகமும் படை அதிகாரிகள் கையில்தான். கிளப்பின் தலைவராக இருந்த முபாரக் முகங்கா 2023-ல் நாட்டின் பாதுகாப்புப் படைத் தலைமை அதிகாரியானார் என்றால் நெருக்கம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் ரயான் ஸ்போர்ட்ஸ். 1968-ல் பழைய அரசத் தலைநகரான நியான்ஸாவில் பிறந்த கிளப், நீலமும் வெள்ளையும். நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் டீக்கடையிலும் பஸ் நிலையத்திலும் ரயான் ரசிகன் ஒருவன் கண்டிப்பாக இருப்பான். அந்தக் கிளப்பில் பணத் தட்டுப்பாடு, நிர்வாகச் சண்டை என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். 2020-ல் அரசு வாரியமே உள்ளே புகுந்து நிர்வாகக் குழுவை மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. ஏபிஆர் பக்கம் எல்லாம் ஒழுங்கு. ஷியோரோங்கியில் சொந்தப் பயிற்சி இடம், பின்னால் அசையாத நிர்வாகம். 2020-லிருந்து 2025 வரை ஆறு லீக் பட்டங்களும் தொடர்ச்சியாக இவர்களுக்கே. இவ்வளவு இருந்தும் மக்கள் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஏபிஆர் ரசிகனாக இருப்பவன் முதலில் இதை விழுங்கிக்கொள்ள வேண்டும்.

நான் ஏன் இந்தப் பக்கம் வந்தேன் என்றால், எங்கள் கிடங்குப் பொறுப்பாளரால். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அதிகம் பேசமாட்டார். ஆட்டத்துக்கு வரும்போது கறுப்பு வெள்ளைக் கழுத்துத்துணி ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அணி கோல் போட்டால்தான் அது வெளியே வரும். அதுவரை கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நான் கத்துவது அவருக்குக் கேட்கிறதா என்றே சந்தேகம் வரும்.

2023 ஆகஸ்ட் 12, சூப்பர் கோப்பை ஆட்டம், ரயானுக்கு எதிராக. கிகாலியின் நியாமிராம்போ பகுதியில் இருக்கும் ஸ்டேடியத்துக்கு அந்த ஆண்டுதான் பெலே பெயர் வைத்திருந்தார்கள். மோட்டோவில் (வாடகை பைக்) மேடேறிப் போகும்போதே கோழி, ஆட்டுக்கறி சுடும் புகை தெருவை மூடியிருந்தது. உடம்பு முழுக்க நீலச்சாயம் பூசிய பையன்கள் மேளத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஏபிஆருக்கு அது முக்கியமான சீசன். 2012 வாக்கில் ருவாண்டா வீரர்கள் மட்டுமே என்று முடிவெடுத்து, பத்தாண்டுக்கும் மேல் அதைக் கடைப்பிடித்து, அந்த ஆண்டுதான் வெளிநாட்டு வீரர்களை மறுபடி சேர்த்திருந்தார்கள். எல்லோருக்கும் பெரிய எதிர்பார்ப்பு.

3-0. ரயான் வென்றது.

கழுத்துத்துணி பையைவிட்டு வெளியே வரவே இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இவர் கோப்பை கொடுத்து முடியும்வரை உட்கார்ந்திருந்து, ஜெயித்தவர்களுக்குக் கை தட்டிவிட்டுத்தான் எழுந்தார். வெளியே வரும்போது சாயம் பூசிய பையன் ஒருவன் யாரென்றும் பாராமல் இவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க நீலம். இவர் அவன் முதுகில் ரெண்டு தட்டு தட்டி அனுப்பினார். அப்புறம் மோட்டோ நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார்: "நம்ம பசங்களை வெச்சே தோத்திருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது."

அவர் சொன்னதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். உள்ளூர் வீரர்கள் மட்டும் என்ற அந்த முடிவால் கண்டப் போட்டிகளில் ஏபிஆர் பின்தங்கியது என்பது உண்மை. 2003-ல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதிவரை போன கிளப், ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றை ஒரு தடவைகூட எட்டவில்லை. கண்டப் போட்டியில் குழுச் சுற்றுக்குப் போன முதல் ருவாண்டா கிளப் என்ற பெருமை 2018-ல் ரயானுக்குப் போனது, அதுவும் காலிறுதிவரை. ஆனால் அந்தப் பத்தாண்டில் ஏபிஆரில் இடம் பிடித்தால் தேசிய அணிக்குப் பாதி தூரம் வந்துவிட்டோம் என்று ஊர்ப் பையன்கள் நம்பினார்கள். பட்டங்களைவிட அதுதான் இந்தக் கிளப்புக்கு மரியாதை தேடித் தந்தது என்பது என் அபிப்பிராயம். மரியாதை பாசமாக மாற இன்னும் கொஞ்ச காலம் கொடுத்திருக்கலாம்.

அமாஹோரோ ஸ்டேடியத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1994-ல் ஐநா படையின் காவலில் பன்னிரண்டாயிரம் பேர்வரை உயிருக்குப் பயந்து தஞ்சம் புகுந்த இடம் அது. 45,000 பேர் உட்காரும்படி புதிதாகக் கட்டி 2024 ஜூலை 1 அன்று திறந்தார்கள். திறப்பு விழா ஆட்டம் ஏபிஆருக்கும் போலீஸ் கிளப்புக்கும். ஏபிஆர் 1-0. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்த சோதனை ஆட்டம்தான் எனக்கு முக்கியம். ரயானோடு 0-0. கோலே இல்லாத ஆட்டம். இருந்தாலும் நீலமும் கறுப்பும் ஒரே வரிசையில் கலந்து உட்கார்ந்திருந்த அந்த மாலையை நான் எந்த இறுதிப்போட்டிக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கிடங்குப் பொறுப்பாளரும் வந்திருந்தார். 94-ஐப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்ற நாடுகளில் இருப்பவர்களும் எழுதுங்கள்.

ரபாத்திலிருந்து (மொராக்கோ):

அண்ணா, படித்ததும் எழுதத் தோன்றியது. இங்கேயும் ராணுவக் கிளப்தான் ஊரின் கிளப். ஏஎஸ் ஃபார், அரச ஆயுதப் படைகளின் அணி. 1958-ல், பிற்பாடு இரண்டாம் ஹசன் மன்னரான அன்றைய பட்டத்து இளவரசரின் முயற்சியில் தொடங்கியது. ஆனால் நீங்கள் சொல்வதுபோல மக்கள் ஒதுங்கி நிற்கிற கதை இங்கே இல்லை. கேலரியில் பையன்கள் கூட்டம் தங்களுக்கு வைத்திருக்கும் பெயரே 'பிளாக் ஆர்மி'. ராணுவத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத காலேஜ் பிள்ளைகள்.

எங்கள் தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு 1985 என்று சொன்னால் போதும், தராசைக் கீழே வைத்துவிடுவார். ஆப்பிரிக்கச் சாம்பியன் கிளப் கோப்பையை மொராக்கோவுக்கு முதல் தடவை கொண்டுவந்தது இந்த அணி. ஜயரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) சேர்ந்த பிலிமா கிளப்பை முதல் ஆட்டத்தில் 5-2 என்று அடித்ததை, ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டுமாகக் காட்டுவார். அந்த ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரர் முகமது திமூமி. பயிற்சியாளர் பிரேசில்காரர் ஃபாரியா. அவரே மறு ஆண்டு உலகக் கோப்பைக்குத் தேசிய அணியை அழைத்துப்போய், இங்கிலாந்தும் போலந்தும் போர்ச்சுகலும் இருந்த குழுவில் முதலிடம் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு அதைவிடப் பெரியது பெண்கள் அணி. 2022 நவம்பரில் இங்கேயே நடந்த பெண்கள் சாம்பியன்ஸ் லீக் இறுதி. முந்தைய ஆண்டின் சாம்பியன் தென்னாப்பிரிக்காவின் சன்டவுன்ஸ். 4-0 என்று நம் பெண்கள் வென்றார்கள். என் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தலைவி கிஸ்லான் ஷெப்பாக் கோப்பையைத் தூக்கியபோது, முன்வரிசையில் முக்காடு போட்ட பாட்டி ஒருவர் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். நம் ஊர்க் கோயில் குலவை மாதிரியே இருந்தது, மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் அணி அப்போது லீக் பட்டம் வாங்கிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் 2023-ல்தான் வாங்கினார்கள். அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் கார் ஹாரன் நிற்கவில்லை.

லுவாண்டாவிலிருந்து (அங்கோலா):

சுருக்கமாக எழுதுகிறேன், ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். இங்கே ராணுவத்துக்கும் எண்ணெய்க்கும் போட்டி. 1977 ஆகஸ்ட் 1-ல் தொடங்கிய ப்ரிமெய்ரோ டி அகோஸ்டோ ராணுவத்தின் கிளப். அந்தத் தேதி அன்றைய படையின் நிறுவன நாள், அதையே பெயராக வைத்தார்கள். பெட்ரோ, அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளப். நான் எண்ணெய்த் துறையில் இருந்துகொண்டு சிவப்புக் கறுப்புச் சட்டை போடுகிறேன் என்று சக ஊழியர்களுக்கு இன்னும் ஆறவில்லை. 2018-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. இங்கே துனிசியாவின் எஸ்பெரான்ஸ் கிளப்பை 1-0 என்று வென்ற ராத்திரி, முன்பின் தெரியாத ஆட்கள் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். துனிசியாவில் 4-2 என்று தோற்றோம். அதில் எங்கள் கோல் ஒன்றை நடுவர் செல்லாது என்று சொன்னதை இந்த ஊர் மன்னிக்கவே இல்லை. நானும்தான்.

மறுபடி கிகாலியிலிருந்து:

தங்கச்சி, 1985 கதைக்கு நன்றி, கிடங்குப் பொறுப்பாளரிடமும் சொன்னேன். தனிச்செய்தியில் சிலர் கேட்டதற்குப் பதில்: ஏபிஆரில் ஆடுகிறவர்கள் சிப்பாய்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சம்பள ஒப்பந்தத்தில் ஆடும் தொழில்முறை வீரர்கள். வெளிநாட்டவர் வந்தபிறகு அதைச் சொல்லவே வேண்டாம்.

லுவாண்டாக்காரருக்கு எஸ்பெரான்ஸ் மாதிரி எங்களுக்கு எகிப்தின் பிரமிட்ஸ் கிளப். 2023-ல் இங்கே 0-0, கெய்ரோவில் 1-6. 2024-ல் இங்கே 1-1, அங்கே 1-3. 2025-ல் அவர்கள் ஆப்பிரிக்கச் சாம்பியனாகவே வந்து இறங்கினார்கள், இங்கே 0-2, அங்கே 0-3. மூன்று ஆண்டும் அதே வாசலில் திரும்பியிருக்கிறோம். 2024-ல் அதற்கு முந்தைய சுற்றில் தான்சானியாவின் ஆசாம் அணியிடம் அங்கே ஒரு கோலில் தோற்று, அமாஹோரோவில் 2-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு கோல், இரண்டு தடவையும் கழுத்துத்துணி வெளியே வந்தது. இரண்டாவது கோலுக்கு மனிதர் எழுந்து நின்று கத்தினார். அடுத்த சுற்றில் மறுபடி பிரமிட்ஸே வந்தாலும் நாங்கள் இருவரும் டிக்கெட் எடுப்போம். கிகாலிப் பக்கம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்து எடுத்து வைக்கிறேன்.