ஆர்லாண்டோவில் கடற்கரைப் பாணி விடுதி: பீச் கிளப்பா, கரீபியன் பீச்சா?

கேள்வி

வணக்கம். வரும் ஜூலையில் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் ஐந்து இரவுகள் தங்க இருக்கிறோம். நாங்கள் இருவர், ஆறும் பத்தும் வயதான பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் என மொத்தம் ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளோ கடற்கரை போன்ற விடுதிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். டிஸ்னியின் பீச் கிளப்புக்கு, அதே நிறுவனத்தின் கரீபியன் பீச்சைவிட வாடகை வெகுவாகக் கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதைத் தங்கியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

பீச் கிளப்பில் இரண்டு முறை தங்கியிருக்கிறேன். ஆர்லாண்டோ கடலோர ஊர் அன்று என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உண்மையான கடலுக்கு, கோக்கோ பீச் வரை காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போக வேண்டும். 1990இல் திறக்கப்பட்ட பீச் கிளப்பையும் அதை ஒட்டியுள்ள யாட் கிளப்பையும், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக் கடலோரத்துப் பழைய விடுதிகளின் சாயலில் ராபர்ட் ஏ. எம். ஸ்டெர்ன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். எதிரே இருப்பது கிரெசென்ட் லேக் என்னும் ஏரி. கரையில் மணல் உண்டு என்றாலும் தண்ணீரில் இறங்க அனுமதியில்லை.

என் கணக்கில், அந்தக் கூடுதல் வாடகையில் பாதி ஸ்டார்மலாங் பே என்னும் நீச்சல் குளத்துக்குத்தான். ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பில், அடியில் மணல் பரப்பி, உடைந்த கப்பலிலிருந்து இறங்கும் சறுக்கோடு அமைத்திருக்கும் அந்தக் குளத்தில் இந்த இரு விடுதிகளில் தங்குவோர் மட்டுமே குளிக்கலாம் என்பதால், கையில் பட்டை கட்டித்தான் உள்ளே விடுவார்கள். என் மகன் மூன்றாம் நாள் பூங்காவுக்கே வரமாட்டேன் என்று அழுதான்.

மறு பாதி, எப்காட் என்னும் பூங்காவின் பின்வாசலுக்குச் சில நிமிடங்களில் நடந்தே போய்விடலாம் என்பதற்கு. உங்கள் மாமியார் களைத்துவிட்டால் யாராவது ஒருவர் அறைக்கு அழைத்துவந்துவிடலாம். ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்னும் மற்றொரு பூங்காவுக்குப் படகு செல்கிறது. மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் பேருந்துதான்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை பூங்காவிலேயே இருப்பவர்களுக்கு அந்தக் குளம் வீண் செலவு. 1988 முதல் இயங்கும் கரீபியன் பீச்சிலிருந்து, 2019இல் தொடங்கிய ஸ்கைலைனர் என்னும் கம்பிவடப் பெட்டியில் ஏறினால் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகலாம். சக்கர நாற்காலியோடும் ஏறலாம். குறை என்னவென்றால், ஏரியைச் சுற்றிக் கட்டடங்கள் சிதறிக் கிடப்பதால் உணவகத்துக்கே நெடுந்தூரம் நடக்க நேரிடும். ஸ்கைலைனர் நிலையத்துக்கு அருகில் அறை கேளுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு அது மிக முக்கியம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஐந்து நாட்களில் இரண்டு நாள் பூங்காவுக்குப் போகாமல் விடுதியிலேயே இருப்பதாகத் திட்டம் என்பதை எழுத மறந்துவிட்டேன்.

மறுமொழி 1

அப்படியானால் பீச் கிளப்பே. ஆனால் ஜூலையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் தென்பட்டால் குளத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், ஸ்கைலைனரும் நின்றுவிடும். குளியலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கான படுக்கை எல்லா அறைகளிலும் இராது என்பதால், பதிவு செய்யும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.