அபராதம் பத்து மடங்கானதால் சாலைச் சாவு குறையுமா? மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பற்றி ஒரு விவாதம்

காவிரிக்கரையான்:
தமிழ்நாட்டில் போக்குவரத்து விதிமீறல்களுக்கான அபராதம் உயர்ந்த நாளிலிருந்து, "கஜானாவை நிரப்பத்தான் இந்த ஏற்பாடு" என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. ஆகவே சட்டத்தில் என்ன மாறியது என்பதை முதலில் சொல்லிவிட்டு என் கருத்தை வைக்கிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை நாடாளுமன்றம் 2019இல் திருத்தியது. தண்டனைப் பிரிவுகளில் பெரும்பாலானவை அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நம் மாநிலமோ மூன்றாண்டு தயங்கி, 2022 அக்டோபரில்தான் அரசாணை வெளியிட்டது. தலைக்கவசம் அணியாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆயிற்று; உரிமம் இல்லாமல் ஓட்டினால் 500 என்பது 5,000 ஆயிற்று; குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் எதிர்கொள்ள வேண்டும். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

1988இல் நூறு ரூபாய் என்றால் யாரும் சற்று யோசிப்பார்கள். 2019இல் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. பிடிபட்டால் கொடுத்துவிட்டு அப்படியே வெறுந்தலையோடு கிளம்பிவிடலாம். 2022இல் நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவ்வாண்டு தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் மொத்தம் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இந்த நிலையில், பணம் போய்விடுமே என்ற பயத்திலாவது நான்கு பேர் தலைக்கவசத்தை எடுத்து மாட்டுவார்கள் என்றால் அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெருவிளக்கு:
காவிரிக்கரையான் அவர்களே, தாங்கள் காட்டும் எண்ணே தங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. நாட்டின் பல மாநிலங்களில் 2019 செப்டம்பரிலேயே அபராதம் ஏறிவிட்டது. அதற்கு மூன்றாண்டு கழித்து வந்த கணக்குத்தான் இந்த 1,68,491. அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது: இறந்தவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். நம் ஊரில் சோதனை எங்கே நடக்கிறது? சிக்னலில் நிற்கும் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் மேம்பாலம் இறங்கும் இடத்தில், மரத்து நிழலில், சலான் இயந்திரத்தோடு இருவர் நிற்பார்கள். அங்கே சிக்குவது தலைக்கவசமில்லாத கூலிக்காரரும் காப்பீடு காலாவதியான பால்காரரும். நள்ளிரவில் புறவழிச்சாலையில் நூற்றுக்கு மேல் பறக்கும் காரை நிறுத்த அங்கே ஆள் கிடையாது. பிடிக்க எளிதான குற்றத்தைப் பிடித்துக் கணக்குக் காட்டுவதைச் சாலைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சோதனை முறையே உயிரைப் பறித்ததும் உண்டு. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே, தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை உதைத்ததில், பின்னால் அமர்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்தார் என்ற வழக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அபராதம் பத்து மடங்கானால் நிற்காமல் ஓடுவதற்கான தூண்டுதலும் கூடத்தானே செய்யும்?

இரவுப்பணி:
நான் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருப்பவள். தெருவிளக்கு ஐயா சொல்லும் மரத்தடிச் சோதனையை நானும் பார்க்கிறேன்; அதில் எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் தலைக்கவசத்தைச் சில்லறை விஷயம் போல ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். தலைக்காயத்தோடு வருபவருடன் பெரும்பாலும் ஓர் உறவினர் வருவார். அவர் கையில் ஒரு பையும், பைக்குள் கீறல்கூட விழாத ஒரு தலைக்கவசமும் இருக்கும். பெட்ரோல் டாங்க் மீது வைத்திருந்தது, அல்லது கொக்கியைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்திருந்ததால் விழுந்தவுடன் தனியே உருண்டு போனது. தலைக்கவசம் இறப்புக்கான வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காயத்துக்கான வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறொன்றை எங்கள் பிரிவில் நான் கண்டதில்லை.

இந்தச் சட்டத்தை எல்லோரும் அபராதத்தை வைத்தே பேசுகிறோம். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவருபவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த பாதுகாப்பு, 134ஏ பிரிவாகச் சட்டத்துக்குள்ளேயே வந்தது இந்தத் திருத்தத்தில்தான். முன்பு நோயாளியை வாசலில் இறக்கிவிட்டு ஆட்டோக்காரர் ஓடிவிடுவார். எப்போது விழுந்தார், நினைவு இருந்ததா, வாந்தி எடுத்தாரா என்று கேட்க ஆளிருக்காது. இப்போது நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த இரண்டு நிமிடத் தகவல் மருத்துவருக்கு எவ்வளவு பெரியது என்பதை வெளியிலிருப்பவர்கள் அறிவது கடினம்.

தெருவிளக்கு:
அம்மா, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்பதும் அந்த வகையில்தான் சேரும். உயிரைக் காப்பது உதவியும் சிகிச்சையும் என்றுதான் நானும் சொல்கிறேன். பர்ஸைக் காலிசெய்வதால் உயிர் பிழைக்கும் என்ற கணக்கோடு மட்டுமே எனக்குச் சண்டை.

பத்துச்சக்கரம்:
நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று இந்தத் திருத்தம் விதித்திருக்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஓவர்லோடு ஏற்றிய வண்டி பிரேக் பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியாததா? எங்கள் மனத்தாங்கல் வேறு. பழைய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இரண்டாண்டு. அதற்குப் பதிலாக வந்த புதிய நியாயச் சட்டத்தின் (பாரதிய நியாய சன்ஹிதா) 106ஆவது பிரிவில் அது ஐந்தாண்டு. காவல்துறைக்கோ நீதிபதிக்கோ தெரிவிக்காமல் ஓடிவிட்டால் பத்தாண்டு. வடமாநில ஓட்டுநர்கள் 2024 ஜனவரி முதல் நாட்களில் வேலைநிறுத்தம் செய்த பிறகு அந்தப் பத்தாண்டுப் பகுதியை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, மற்றதை ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். இடித்துவிட்டு நிற்கும் ஓட்டுநரைக் கூட்டம் என்ன செய்யும் என்பதை நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் அறிவார்கள். யார் மீது பிழை என்று பார்ப்பதற்கு முன்பே அடி விழும். பெரிய வண்டிதான் குற்றவாளி. முதலில் தப்பி, அடுத்த காவல் நிலையத்தில் போய் நிற்க ஓட்டுநருக்கு வழி இருக்க வேண்டும். அதைச் சட்டம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது சாலை. இரவில் ஓரமாக நிறுத்த இடமில்லாமல் சாலையிலேயே நிற்கும் லாரி, பெட்ரோல் பங்க்குக்காகவும் கல்யாண மண்டபத்துக்காகவும் உடைக்கப்பட்ட சென்டர் மீடியன், பிரதிபலிப்பான் விழுந்துபோன திருப்பம். இவற்றால் நேரும் சாவுக்கு யாருக்கு என்ன தண்டனை?

மஞ்சள்கோடு:
தெருவிளக்கு அவர்களின் முதல் கேள்விக்கு வருகிறேன். தொகையின் அளவைவிட, நிச்சயம் பிடிபடுவோம் என்ற எண்ணமே நடத்தையை மாற்றுகிறது என்பது குற்றவியலில் பழகிய பாடம். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளம் 726 கேமராக்களைப் பொருத்தி, 2023 ஜூன் 5 முதல் அவற்றின் வழியே அபராதம் விதிக்கத் தொடங்கியது. 2022இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 4,317, 2023இல் 4,080. அதே ஓராண்டில் விபத்துகளின் எண்ணிக்கையோ 43,910இலிருந்து 48,091ஆக உயர்ந்தது. இதை முரண்பாடு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கேமராக்களில் பெரும்பங்கு தலைக்கவசத்தையும் சீட் பெல்ட்டையும் பார்ப்பவை. அவை இரண்டும் மோதலைத் தடுப்பதில்லை. மோதியவரைச் சாகாமல் காக்கின்றன. விபத்து கூடியும் சாவு குறைந்தது அதனால்தான் என்று கருதுகிறேன், ஓராண்டுக் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றாலும். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 23 பேர் சாலையில் சாகிறார்கள். கேரளத்தில் 12 பேர் அளவில்தான்.

கேமரா வந்தால் மரத்தடிப் பேரமும் இல்லை, துரத்தலும் இல்லை. துவாக்குடியில் நடந்தது போன்ற ஒன்றுக்கு அங்கே இடமே கிடையாது.

தெருவிளக்கு:
கேமராவைக் கொள்கையளவில் ஏற்கிறேன். மனிதரைவிட அது பாரபட்சம் குறைந்தது. ஆனால் மத்திய அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகள், கேமரா இருக்குமிடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கின்றன. பெயர் மாற்றாமல் கைமாறிய பழைய வண்டிகள் நம்மிடம் எத்தனை! வண்டியை விற்று நெடுநாளான மனிதருக்குச் சலான் போகும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பதிவேட்டைச் சரிசெய்யாமல் கேமராவை மட்டும் மாட்டுவது பாதி வேலை.

குடிபோதை விஷயத்திலும் ஒன்று கேட்கிறேன். மதுவை விற்பதும் அரசு, குடித்துவிட்டு வருகிறவரை ஊதச் சொல்லிப் பத்தாயிரம் வாங்குவதும் அரசு. இது எந்த ஊர் நியாயம்?

காவிரிக்கரையான்:
குத்தல் நியாயமானதுதான், ஆனால் ஒரு திருத்தம். குடிபோதைக் குற்றத்தைக் காவலரிடம் பணம் கட்டி முடித்துக்கொள்ள இயலாது. இடத்திலேயே தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185ஆவது பிரிவு இல்லை. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நெடுஞ்சாலை மதுக்கடைகளைப் பொறுத்தவரை, தமிழ்நாடு அரசே மேல்முறையீடு செய்த வழக்கில்தான், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் ஆயிரக்கணக்கில் கடைகள் மூடப்பட்டன; நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் விளக்கம் தந்தது. எத்தனை சாலைகளைப் பெயர் மாற்றி ஊர்ச்சாலையாக்க அன்று மாநிலங்கள் முயன்றன என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பத்துச்சக்கரம் அவர்கள் மோசமான சாலையைப் பற்றிக் கேட்டதற்கு விடை மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவில் இருக்கிறது. சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கும் அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ தரத்தைப் பின்பற்றத் தவறி அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தச் சாலையில் எப்படிப்பட்ட வண்டிகள் ஓடும் என்று எதிர்பார்க்கலாம், பழுது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, சீரமைக்க அவகாசம் இல்லையென்றால் எச்சரிக்கைப் பலகையாவது வைத்தார்களா என்பனவற்றையெல்லாம் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று பிரிவே சொல்கிறது.

பத்துச்சக்கரம்:
ஒரு லட்சமா? எங்கள் வண்டியில் சில டன் கூடினாலே கால் லட்சத்துக்கு மேல் போகிறது. ஓர் உயிர் போகுமளவுக்குச் சாலை போட்ட ஒப்பந்ததாரருக்கு அதிகபட்சமே ஒரு லட்சம், சிறையும் கிடையாது. எழுதிய கை யாருடையது என்று ஊகிக்கலாம்.

மஞ்சள்கோடு:
தொகையைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பிரிவில் வழக்குத் தொடரச் சான்று எங்கிருந்து வரும் என்பது. விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கை எழுதுபவர் காவல் அதிகாரி. அவருக்கு வளைவின் சரிவைப் பற்றியோ மீடியன் இடைவெளியைப் பற்றியோ பயிற்சி கிடையாது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்ற வழக்கமான வாசகத்தோடு முடித்துவிடுவார். தாங்கள் முன்பு சுட்டிய 71 விழுக்காடு அதிவேகம் என்ற கணக்கும், தெருவிளக்கு அவர்களே, இப்படி எழுதப்பட்ட அறிக்கைகளின் கூட்டல்தான். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கத்தில் பங்கேற்ற ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தில், காவல்துறை விபத்தைப் பதிந்ததும் சாலைக்குப் பொறுப்பான துறையின் பொறியாளரும் இடத்தைப் பார்த்துத் தம் பங்குக்கு விவரங்களை ஏற்ற வழி இருக்கிறது. அந்தப் பகுதி ஒழுங்காக நிரப்பப்பட்டால் 198ஏ பிரிவுக்கு உயிர் வரும்.

தெருவிளக்கு:
சாலையைப் போட்ட துறையின் பொறியாளரே வந்து, தம் துறை போட்ட சாலையால்தான் ஆள் செத்தார் என்று எழுதுவார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அந்த ஆய்வு மாவட்டந்தோறும் துறைக்கு வெளியிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியிடம் போகட்டும். அதற்கு விதி வகுத்தால், கேமரா அபராதத்தை எதிர்ப்பதை நான் விட்டுவிடத் தயார்.